வேகம் கையிலா, கண்ணிலா? – ஒரு கைத்துப்பாக்கிப் போட்டியின் வரலாறு

அணுவின் அமைப்பை விளக்கிப் புகழ்பெற்ற நீல்ஸ் போர் திரைப்படப் பிரியர். அதிலும் நம் ஊரில் ‘கௌபாய் படம்’ என்று சொல்லப்படும் வகை அவருக்கு மிகவும் பிடிக்கும். அப்படங்களில் துப்பாக்கியை முதலில் உருவுபவன் வில்லன். ஆனால் சுட்டு வீழ்த்துபவன் கதாநாயகன். இதற்கு விளக்கமாகப் போர் ஒரு கொள்கையே வகுத்தார். வில்லன் எப்போது உருவலாம் என்று எண்ணி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது; கதாநாயகனோ அவன் கை அசைந்ததும் எண்ணாமல் இயங்குகிறான்; எண்ணாத செயல் விரைவானது என்றார். கோபன்ஹேகனில் அவருடைய நிலையத்து இளம் அறிஞர்கள் சும்மா விடுவார்களா? பொம்மைத் துப்பாக்கிகளை வாங்கிவந்து ஆசிரியரோடு மோதிப் பார்த்தார்களாம். போரே வென்றார் என்று கதை.

இக்கொள்கையை 2010-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்தனர். எதிரெதிரே அமர்ந்த இருவர் பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். எதிராளி தொடங்கியதைக் கண்டு தொடங்கியவரின் கை, தானாகத் தொடங்கியவரின் கையைவிட 0.021 வினாடி குறைவாகவே எடுத்துக்கொண்டது. போர் சொன்னதில் பாதி சரி. ஆனால் கண்டு தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.2 வினாடி போய்விடுகிறது. 0.021-ஐக் கொண்டு 0.2-ஐ ஈடுகட்ட முடியுமா? கதாநாயகன் பிழைப்பது கதாசிரியரின் தயவால்தான்.

இந்த 0.2 வினாடியைத் துலங்கல் நேரம் என்பர். மாணவர்கள் இதை வீட்டிலேயே அளக்கலாம். நண்பர் கைவிடும் அளவுகோலை விரல்களால் பற்றுங்கள். அது 20 செ.மீ. விழுந்திருந்தால், தடையின்றி விழும் பொருளின் சமன்பாட்டின்படி கழிந்தது 0.2 வினாடி. பல நாள் பழகினாலும் இதில் பெரிய குறைப்பு ஏற்படுவதில்லை. அப்படியானால் துப்பாக்கிப் போட்டிகளில் தேர்ந்தவர் ஒருவர், நன்கு பழகிய மற்றொருவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகச் சுடுவது எப்படி? இவ்வினாவுக்கு விடை, கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு விளையாட்டின் வரலாற்றில் கிடைக்கிறது.

அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர், 1950-களின் பிற்பகுதியில் அம்மாநிலத்தின் பிக் பேர் மலைப்பகுதியில் போட்டிகள் நடத்தினார். அக்காலத்தில் கைத்துப்பாக்கி சுடுவதில் இரு வழக்கங்கள் இருந்தன. ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி, நிதானமாக வட்டக் குறியைச் சுடுவது ஒன்று. துப்பாக்கியை உருவிய மாத்திரத்தில் இடுப்பருகிலிருந்தே, குறிபாராமல் சுடுவது மற்றொன்று. உயிருக்கு ஆபத்து வரும் வேளையில் காவலருக்கு முதல் முறைக்கு நேரம் இராது. இரண்டாவதில் குறி தவறும். தவறிய குண்டு தெருவில் போகிற யாரையேனும் தாக்கும். எது உண்மையில் பயன்படும் என்பதைப் போட்டி வைத்தே தீர்மானிக்கலாம் என்று அவர் எண்ணினார்.

அப்போட்டிக்கு ‘லெதர்ஸ்லாப்’ என்று பெயர். 21 அடி தொலைவில் 18 அங்குல அகலமுள்ள 12 பலூன்கள். இருவர் ஒரே நேரத்தில் உருவிச் சுடுவர். தம் பலூன்களை முதலில் உடைத்து முடித்தவர் வென்றவர். அத்தொலைவில் அந்தப் பலூன் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் சுமார் 4 பாகை. அதாவது நடுவிலிருந்து 2 பாகை விலகினால் குண்டு வீண். இடுப்பிலிருந்து சுடுவது இதற்குப் போதும் என்றே பலரும் நம்பினர்.

1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரீப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் வேறு விதமாகச் சுட்டார். துப்பாக்கியை இரு கைகளாலும் பற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்தி, குறிகளைப் பார்த்துச் சுட்டார். முதல் குண்டு சற்றுத் தாமதமாகத்தான் புறப்பட்டிருக்கும். ஆனால் மற்றவர்கள் தவறவிட்ட பலூனைத் திரும்பச் சுட்டுக்கொண்டிருக்கையில் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார், வென்றார். கையை விரைவாக வீசுவதே வேகம் என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது. அவர் நின்ற நிலைக்கு ‘வீவர் நிலை’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

விளையாட்டு பரவியது. 1975-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் பன்னாட்டுக் கூட்டமைப்பு அமைந்தது. கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், வேகம் என்ற மூன்றும் அதன் குறிக்கோள்கள். பாதுகாப்பு விதி மிகக் கடுமையானது: துப்பாக்கியின் வாய் வகுத்த கோணத்தை மீறித் திரும்பினால், எவ்வளவு பெரிய வீரராயினும் அப்போதே வெளியேற்றம்.

இதைவிட எனக்குச் சுவையாகப்படுவது மதிப்பெண் முறை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய்குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுப் போட்டியில் நேரம் முன்பே வகுக்கப்பட்டது. அதற்குள் சேர்க்கும் புள்ளிகளே கணக்கு. இங்கோ புள்ளிகளை நேரத்தால் வகுக்கிறார்கள். கூப்பர் வகுத்த ‘எல் பிரெசிடென்டே’ என்ற பயிற்சியைக் கொள்வோம். 10 மீட்டரில் மூன்று இலக்குகள். அவற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஒலி கேட்டதும் திரும்பி, உருவி, ஒவ்வோர் இலக்கிலும் இரு குண்டுகள். குண்டுக்கூட்டை மாற்றி, மீண்டும் இரண்டிரண்டு. மொத்தம் 12 குண்டுகள், நடுவில் பட்டால் தலா 5 வீதம் 60 புள்ளிகள். கூப்பர் வைத்த எல்லை 10 வினாடி.

10 வினாடியில் 60 எடுத்தவருக்கு மதிப்பு 6. 6 வினாடியில் 54 எடுத்தவருக்கு 9. 5 வினாடியில் விரைந்து 44 எடுத்தவருக்கு 8.8. மிகத் துல்லியமானவரும் தோற்றார். மிக விரைவானவரும் தோற்றார். 9 என்ற வீதத்தில் 0.1 வினாடியின் விலை 0.9 புள்ளி. ஒரு புள்ளி கூடுதலாகப் பெற 0.11 வினாடிக்கு மேல் செலவிட்டால் நட்டம். வகை நுண்கணிதம் படித்த மாணவர் இதைப் பெருமக் கணக்காக உடனே எழுதிவிடுவார்.

1980-களின் தொடக்கத்தில் மின்னணு நேரமானி வந்தது. தொடக்க ஒலியை அதுவே எழுப்பும். ஒவ்வொரு வெடியையும் ஒலிவாங்கியால் கேட்டு, 0.01 வினாடி நுட்பத்தில் பதியும். சுடுபவருக்கு ஒரு மீட்டர் பின்னால் நடுவர் அதை வைத்திருந்தாலும், ஒலி அங்கு வர 0.003 வினாடிதான் ஆகும், பிழை ஒன்றுமில்லை. நிறுத்து கடிகாரம் மொத்த நேரத்தை மட்டும் சொன்னது. இக்கருவி அதைக் கூறு போட்டுக் காட்டியது.

மேற்சொன்ன 6 வினாடி ஓட்டத்தை ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம். திரும்பி உருவி முதல் குண்டு: 1.7. குண்டுக்கூடு மாற்றம்: 1.6. இலக்கு விட்டு இலக்கு மாறும் நான்கு தடவைகளுக்கு 1.4. ஒரே இலக்கில் இரண்டாம் குண்டு சுடும் ஆறு தடவைகளுக்கு 1.3. விரலின் வேகம் வெளிப்படுவது கடைசிக் கூறில் மட்டுமே. விரலை ஐந்தில் ஒரு பங்கு விரைவாக்கினாலும் மிச்சம் 0.26 வினாடி. மீதியெல்லாம் கண் அடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பதிலும், துப்பாக்கி அங்கு வந்து நிலைகொள்வதிலும், தேவையற்ற அசைவுகளிலும் போகிறது.

அரிசோனாவில் சேர்ந்து பயின்ற ராப் லேதம், பிரையன் ஈனோஸ் என்ற இருவர் இக்கூறுகளை ஒவ்வொன்றாகச் செப்பம் செய்தனர். வீவர் நிலையை விட்டு, இரு கைகளையும் சமமாக நீட்டி, மேலிருந்து பார்த்தால் இருசமபக்க முக்கோணம் போல் நின்றனர். பின்னுதைப்பால் துப்பாக்கி ஒரு பக்கம் சாயாமல் நேராக எழுந்து நேராக இறங்கியது. லேதம் 1983-இல் உலகப் பட்டம் வென்றார். ஈனோஸ் 1990-இல் எழுதிய நூலில் கையைவிடக் கண்ணையும் கவனத்தையும் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார்.

அதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கியின் முன்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ.; இலக்கு 10 மீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையை மாற்ற, விழிவில்லை தன் திறனைச் சுமார் 1.3 டயாப்டர் மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாற்றம் தொடங்கவே வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். முடிய ஏறக்குறைய ஒரு வினாடி. குண்டுகளோ 0.2 வினாடிக்கு ஒன்றாகப் போகின்றன. இரண்டையும் தெளிவாகப் பார்த்துச் சுடுவது இயலாத காரியம். எப்போதும் முன்குறியையே பார் என்பது பழைய பாடம். அருகிலுள்ள பெரிய இலக்குக்குத் துப்பாக்கியின் மங்கல் உருவமே போதும், தொலைவிலுள்ளதற்கு முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும், எவ்வளவு பார்ப்பது என்பதை இலக்கே தீர்மானிக்கிறது என்பது ஈனோஸின் பாடம்.

கேம்பிரிட்ஜில் ஹிக் என்பவர் 1952-இல் விளக்குகளையும் பொத்தான்களையும் கொண்டு செய்த சோதனையும் இங்கே பொருந்துகிறது. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் பெருகப் பெருக, துலங்கல் நேரமும் நீள்கிறது என்று அவர் கண்டார். அடுத்து எந்த இலக்கு, எங்கே குண்டுக்கூடு மாற்றுவது என்று நடுவில் யோசிப்பவர் இந்த அபராதத்தைச் செலுத்துகிறார். ஆகவேதான் தொடங்குமுன் போட்டியாளர்கள் கண்களை மூடிக்கொண்டு, கையை மெல்ல அசைத்து, முழு ஓட்டத்தையும் மனத்துக்குள் நடத்திப் பார்க்கிறார்கள். பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். முடிவுகளையெல்லாம் முன்பே எடுத்துவிட்டால் ஓட்டத்தின்போது போரின் கதாநாயகனைப் போல எண்ணாமல் இயங்கலாம்.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி இவ்விளையாட்டில் நுழைந்தது. சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகற்றையாகக் கண்ணுக்கு வருவதால், புள்ளி வெகு தொலைவில் இருப்பதுபோல் தோன்றுகிறது. இலக்கையே பார்த்துக்கொண்டு புள்ளியையும் தெளிவாகக் காணலாம், விழிவில்லைக்கு வேலையில்லை. ஆயினும் துப்பாக்கியைச் சற்றுக் கோணலாக உயர்த்தினால் புள்ளி கண்ணாடிக்குள் தென்படுவதே இல்லை. புதியவர்கள் அதைத் தேடி மணிக்கட்டை இப்படியும் அப்படியும் அசைப்பார்கள். அந்த அரை வினாடியையும் நேரமானி பதிந்துவைக்கிறது.