கைராசி: வேலூர் சொல்லித் தந்த பாடம்

நம் ஊரில் டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் முதலில் படிப்பைக் கேட்பதில்லை. "கைராசிக்காரரா?" என்றுதான் கேட்பார்கள். காய்ச்சல், தலைவலிக்கு அந்த ராசி நாலு நாள் தாங்கினால் போதும். வருஷக்கணக்கில் உடம்போடு குடியிருக்கும் நோய் என்றால்? அங்கே நோயாளியின் நம்பிக்கையை டாக்டர் எப்படிச் சம்பாதிப்பது? இதற்கு நம் வேலூரிலேயே ஒரு பதில் கிடைத்தது. மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்றைய மாணவச் செல்வங்களுக்காக மீண்டும் சொல்கிறேன்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் நம் நாட்டில் 1898-இல் வந்த சட்டம், பிச்சையெடுத்துத் திரிந்த நோயாளிகளைப் பிடித்து ஒதுக்கி வைக்கத்தான் வழி செய்தது. 1940-களில் டாப்சோன் வகை மருந்துகள் வந்தன. கிருமி அடங்கியது. சரி, மடங்கிப்போன விரலை மாத்திரை நிமிர்த்துமா? "அழுகுற உடம்பு, கத்தி வச்சா ஆறாது" என்ற எண்ணம் ஊராருக்கு மட்டுமல்ல, மருத்துவர்கள் பலருக்கும் இருந்தது.

இந்த நிலையில்தான் பால் பிராண்ட் வந்தார். மிஷனரி தம்பதிக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். மறு வருஷம் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்தார். அங்கே ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அப்பப்பா, இரும்புப் பிடி! வலி பொறுக்க முடியவில்லை.

செத்த கை என்று எல்லோரும் கைவிட்ட கையில் இவ்வளவு பலமா? யோசித்தார். நோய் சில நரம்புகளைத்தான் தாக்குகிறது. அவற்றை நம்பிய தசைகள் மட்டுமே முடங்குகின்றன. முன்கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் தசைநாரைப் பிரித்து விரலில் பொருத்தினால் விரல் வேலை செய்யும்!

திட்டம் சரி, கையை யார் நீட்டுவது? அதுவரை யாருக்கும் இப்படிச் செய்து பார்த்து உறுதி சொல்ல முடியாத காலம். அறுவைக்குப் பிறகு மூன்று வாரம் மாவுக்கட்டு. அப்புறம் விரலை அசைக்கப் பல வாரப் பயிற்சி. இழக்க இனி ஒன்றுமில்லை என்றிருந்தவர்களே முதலில் துணிந்தார்கள். விரல் நிமிர்ந்தது. தாமே சோறு பிசைந்து சாப்பிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் அறுவை சிகிச்சையின் கதை. ஊருக்குப் போனவர்களில் சிலர் குறையோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையில் காசு விழுந்தது. நிமிர்ந்த கையில் விழவில்லை. நோயின் தழும்பைப் பார்த்து வேலை கொடுக்கவும் ஆளில்லை. கையைக் கொடுத்து, பிழைப்பைப் பறித்தது போல் ஆகிவிட்டது!

"நன்றி கெட்டவர்கள்" என்று பிராண்ட் முகம் திருப்பவில்லை. கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் தொடங்கினார். தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் கற்றார்கள். கூடவே இருந்து பார்த்ததில் இன்னொரு உண்மை புலப்பட்டது. விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி இல்லாததால் சுத்தியல் பிடி உரசுவதும் சுடு பாத்திரம் பொசுக்குவதும் தெரிவதில்லை. சிலருக்குத் தூக்கத்தில் எலியே விரலைக் கடித்தது! உடனே பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் காரணத்தை நோயாளியும் டாக்டரும் சேர்ந்தே தேடினார்கள். அந்தத் தேடலில்தான் நம்பிக்கை வேர் பிடித்தது என்பேன்.

1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரி மருத்துவமனை எழுந்தது. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டும், புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பர் செருப்பும் பயன்பட்டன. 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்ற பாதப் பாதுகாப்பு அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் கை கொடுத்தது. காலில் உணர்ச்சி குறைந்த நம் வீட்டுப் பெரியவர்களிடம் டாக்டர்கள் இன்று "செருப்பில்லாம நடக்காதீங்க, தினமும் பாதத்தைப் பாருங்க" என்கிறார்களே, அந்த அறிவுரையில் அன்றைய தொழுநோயாளிகளின் அனுபவமும் கலந்திருக்கிறது.

பிராண்ட் 2003-இல் மறைந்தார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையால் தொழுநோய் இன்று முழுதும் குணமாகக் கூடியது. 1898-ஆம் வருஷச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. மருந்து முந்திக்கொண்டது, மனசு பின்தங்கிவிட்டது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் டாக்டராகலாம். பலர் நோயாளியின் பக்கத்தில் துணையாக உட்காரப் போகிறவர்கள். "எங்கே வலிக்குது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "வீட்டுக்குப் போனா எப்படிச் சமாளிப்பீங்க?" என்றும் கேளுங்கள். கைராசி அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.