கட்டுண்ட ஓநாயும் கதையைக் காத்தவரும்



உங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலக் கிழமைகளை ஒப்புவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். செவ்வாய் என்னும் கிரகத்தின் பெயரால் நாம் அழைக்கும் நாளை ரோமானியரும் அதே கிரகத்தின் பெயரால்தான் அழைத்தனர். வட ஐரோப்பிய மக்களோ, கிழமைகளை ரோமானியரிடம் கற்றுக்கொண்டபோது, சில நாட்களுக்குத் தங்கள் சொந்தத் தெய்வங்களின் பெயர்களை வைத்துவிட்டனர். டியூஸ்டே, டீர் என்னும் தெய்வத்தின் நாள். வெட்னஸ்டே, தேவர்களுக்குத் தலைவனான ஓடினின் நாள். தர்ஸ்டே, இடி முழக்கும் தோரின் நாள்.

இத்தெய்வங்களை நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் மக்கள் முற்காலத்தில் வணங்கினர். கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் ஐஸ்லாந்தின் மக்கள் சபை கூடி, இனி எல்லோரும் கிறிஸ்தவர்களே என்று முடிவு செய்தது. வழிபாடு நின்றது. அப்படியானால் அந்தத் தெய்வங்களின் கதைகள் மட்டும் எப்படி நம் காலம் வரை வந்தன?

அதற்கு நாம் பெரிதும் நன்றி சொல்ல வேண்டியவர் ஸ்நோரி ஸ்டுர்லுசன். 1179-இல் பிறந்த ஐஸ்லாந்துக்காரர், செல்வர், சபையில் சட்டம் உரைக்கும் உயர்ந்த பதவியை இருமுறை வகித்தவர். அவரும் கிறிஸ்தவரே. ஆனால் அவருக்கு ஒரு கவலை இருந்தது. பழங்கவிஞர்கள் தங்கத்தைத் 'தங்கம்' என்று சொல்வதில்லை. 'சிஃபின் கூந்தல்' என்பார்கள். தோரின் மனைவி சிஃப். அவள் கூந்தலைக் குறும்பன் லோகி அறுத்துவிட, குள்ளர்கள் பொன்னால் கூந்தல் செய்து கொடுத்தனர் என்பது கதை. கதை தெரியாத இளைஞனுக்குப் பாட்டு எப்படி விளங்கும்? ஆகவே 1220-ஆம் ஆண்டளவில், இளங்கவிஞர்களுக்குப் பாடநூலாக 'எட்டா' என்னும் நூலை எழுதினார். இத்தெய்வங்களைக் கிறிஸ்தவர் நம்பலாகாது, ஆனால் கதைகளை மறந்துவிடவும் கூடாது என்பது அவர் இளைஞர்களுக்குக் கூறிய அறிவுரை.

அந்த நூலிலுள்ள ஒரு கதையைப் பார்ப்போம்.

ஃபென்ரிர் என்ற ஓநாய்க்குட்டி தேவர்களின் ஊரிலேயே வளர்ந்தது. அதற்கு இரை போடும் துணிவு டீர் ஒருவனுக்கே இருந்தது. நாளுக்கு நாள் அது பெருத்தது. இதனால் தங்களுக்கு அழிவு வரும் என்று குறி கேட்டுத் தேவர்கள் அஞ்சினர். 'உன் பலத்தைப் பார்க்கலாமா?' என்று ஆசை காட்டி இருமுறை இரும்புச் சங்கிலியால் கட்டினர். இரண்டும் அறுந்தன. பிறகு குள்ளர்களைக் கொண்டு ஒரு கயிறு செய்வித்தனர். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்ந்த கயிறு அது. (பூனை நடந்தால் இன்று ஓசை கேட்காததற்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா!) பட்டு நாடா போல மெல்லியதாக இருந்தது.

ஓநாய்க்குச் சந்தேகம் வந்தது. 'இதில் வஞ்சகம் இல்லையென்றால், உங்களில் ஒருவர் என் வாயில் கையை வையுங்கள்' என்றது. தேவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். டீர் தன் வலக்கையை நீட்டினான். ஓநாய் திமிறத் திமிறக் கயிறு இறுகியது. மற்ற தேவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீருக்கோ கை போயிற்று.

பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர் இந்த இடத்தில் சற்றுத் தயங்குவார். தேவர்கள் பொய் சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வது? ஓநாயைக் கொடியதாகக் காட்டிவிட்டால் சுலபமாக இருக்கும். ஆனால் ஸ்நோரி அப்படிச் செய்யவில்லை. ஓநாய் கேட்டதும் நியாயம், தேவர்களின் அச்சமும் உண்மை. இடையில் ஒருவன் கையை இழந்தான். நாமும் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்லலாம் என்பதே நம் கருத்து. 'டீர் ஏன் கையை வைத்தான்?' என்று அவர்கள் கேட்டால் கேட்கட்டும். உலக முடிவில் அந்த ஓநாய் கட்டறுத்து வந்து ஓடினையே விழுங்கும் என்றும் நூல் கூறுகிறது.

1241-இல் நார்வே மன்னரின் பகைக்கு ஆளான ஸ்நோரி, ரெய்க்ஹோல்ட் என்னும் இடத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். நூலை மக்கள் கையால் படியெடுத்துக் காத்தனர். ஐஸ்லாந்தின் நீண்ட குளிர்கால இரவுகளில், பண்ணை வீட்டார் எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து கம்பளி நூற்பார்கள். ஒருவர் பழங்கதைகளை உரக்கப் படிப்பார். பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

ஸ்நோரி கையாண்ட பழம்பாடல்கள் பலவற்றைக் கொண்ட, கன்றுத்தோலில் எழுதிய ஏடு ஒன்று 1643-இல் ஒரு பேராயரின் கைக்கு வந்தது. 1662-இல் அது டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1971 ஏப்ரல் 21-ஆம் நாள், விமானத்தை நம்பாமல் காவலுடன் கப்பலில் ஏற்றி அதைத் தாயகத்துக்குத் திருப்பிக் கொண்டு வந்தனர். எஞ்சியிருந்தவை 45 தோல் இதழ்களே. அவற்றை வரவேற்க ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றனர்.