ஜாமீன் கையெழுத்து முதல் சிபில் வரை: கெட்டுப்போன பேரைத் திருத்துற கதை

இந்த எபிசோடு எங்க வீட்டு மொட்டை மாடியில ஆரம்பிக்குது.

திண்டுக்கல்ல இருக்கிற வீட்டுல மேல ஒரு ரூம் எடுக்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. 2024ல என் பேர்ல லோன் கேட்டுப் போனோம். மேனேஜர் ஸ்க்ரீனைப் பாத்துட்டு, "தம்பி, உங்க பேர்ல ஒரு பாக்கி நிக்குதே"ன்னார். நான் வாங்கின கடன் இல்லை. காலேஜ் நண்பனோட பைக் லோனுக்கு நான் போட்ட ஜாமீன். அவன் ஆறு மாசம் தவணை கட்டலை. வெளிய வந்ததும் அப்பா, "ஜாமீன் போட்டியாடா?"ன்னு மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்வி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1890கள்ல மெட்ராஸ் அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன்ங்கிற அதிகாரிகிட்ட விவசாயிங்க கடன் பிரச்சினையை ஆராயச் சொல்லுச்சு. ஜெர்மனியில ரைஃபைசன் ஆரம்பிச்ச கிராமக் கடன் சங்கங்களை அவர் இங்கயும் பரிந்துரைச்சார். 1904ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு. கிராமச் சங்கங்கள்ல பொதுவா உறுப்பினர்களோட பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சங்கம் நொடிச்சா எல்லார் சொத்துக்கும் ஆபத்து. அதனால யார் நாணயமானவர்னு பக்கத்து வீட்டுக்காரர் பாத்துக்கிட்டே இருப்பார். அன்னிக்கு கிரெடிட் ஸ்கோர்னா அதுதான்.

பேர் கெட்டா என்ன பண்றது? 1938ல ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்துச்சு. 1932 அக்டோபருக்கு முன்னால வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்னிக்கு நிலுவையில இருந்த வட்டி ரத்து. அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தா கடனே தீர்ந்தது. அப்போ மதுரை மாவட்டத்துல இருந்த நம்ம திண்டுக்கல்லுக்கும் அது பொருந்துச்சு. பெரிய விஷயம்தான். ஆனா சட்டம் தீர்த்தது கடனை. வட்டிக்காரர் மனசுல இருக்கிற கணக்கை யாரும் திறந்து பாக்க முடியாது, தப்புன்னு மனு போடவும் முடியாது.

அந்தக் கணக்கு வெளிய வந்தது ரொம்பப் பின்னாடி. சிபில் 2000ல தொடங்குச்சு. 2005ல கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் வந்துச்சு. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில பெரிய திருப்பம் இந்தச் சட்டம்தான். உங்களைப் பத்தி எழுதி வச்சிருக்கிறதைப் பாக்கவும், தப்பு இருந்தா திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2017ல இருந்து சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும். 2024 ஏப்ரல்ல இருந்து, புகார் 30 நாள்ல தீரலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

சரி, என் கதைக்கு வரேன். கடன் கொடுத்த கம்பெனி, "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்"னு நண்பனைக் கூப்பிட்டுச்சு. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல 'க்ளோஸ்டு'ன்னு வராது, 'செட்டில்டு'ன்னு வரும். முழுசா கட்டலைங்கிறதுக்கு அதுதான் அடையாளம். சண்டை போட்டு முழுசா கட்ட வச்சேன், நோ டியூ சர்டிபிகேட்டும் வாங்கினோம். அப்பவும் ரிப்போர்ட்ல பாக்கி அப்படியே நின்னுச்சு. சர்டிபிகேட்டை இணைச்சு ஆன்லைன்ல புகார் போட்டேன். ஒரு மாசத்துக்குள்ள பாக்கி பூஜ்யம் ஆச்சு.

ஆனா அந்த ஆறு மாச தாமதம் அழியலை. அது நடந்த விஷயம். இந்தத் தகவலைக் குறைஞ்சது ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு விதி. அதுக்கு மேல நல்ல மாசங்களை ஒவ்வொண்ணா அடுக்கிக்கிட்டே போறதுதான் வழி.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 'ஸ்கோர் ஏத்தித் தரப்படும்'னு நோட்டீஸ் பாத்தா இதை ஞாபகம் வச்சுக்கங்க. தப்பைத் திருத்தறது இலவசம். உண்மையைக் காசு கொடுத்தாலும் அழிக்க முடியாது.

இதை ரெக்கார்ட் பண்ற வரைக்கும் மாடி மொட்டையாத்தான் இருக்கு. தவணைத் தேதி வந்தா அப்பா இப்போ எனக்கு முன்னாடி ஞாபகப்படுத்துறார்.