கோவேறு கழுதையின் இரத்தம்

ஏதென்ஸ் எழுந்த கதை – 14

இந்த வாரம் மராத்தான் என்று சென்ற இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். கி.மு. 490. பாரசீகக் கப்பல்கள் கரை சேர்ந்துவிட்டன. இறங்குகிற படைக்கு வழிகாட்டியாக ஒரு கிழவன் நிற்கிறான். அவன் பாரசீகன் அல்லன், ஏதென்ஸ்காரன். பெயர் ஹிப்பியாஸ். அந்த நகரத்தை ஆண்டு, 510-இல் அங்கிருந்து துரத்தப்பட்டவன். படையை அணிவகுத்து நிறுத்தும்போது அவனுக்குத் தும்மலும் இருமலும் ஒரேயடியாக வந்து, ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று தெறித்து மணலில் விழுந்ததாம். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இந்த மண்ணில் தனக்கிருந்த பங்கை அந்தப் பல்லே எடுத்துக்கொண்டது என்று அவன் பெருமூச்சு விட்டதாக ஹெரோடோடஸ் எழுதுகிறார்.

ஹிப்பியாஸ் ஏன் மராத்தானைக் காட்டினான்? குதிரைப்படைக்குத் தோதான சமவெளி என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 546-இல் அவனுடைய தகப்பன் கூலிப்படையோடு வந்து இறங்கி ஏதென்ஸைப் பிடித்ததும் இதே கரையில்தான். அந்தத் தகப்பன் பெய்சிஸ்ட்ராடஸ். இவனைச் சொல்லாமல் மகனைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரேக்க வரலாற்றில் எத்தனையோ கொடுங்கோலர்கள் வருகிறார்கள். காளைச் சிலைக்குள் மனிதர்களைப் போட்டு வறுத்தான் என்று பெயரெடுத்தவன்கூட உண்டு. அவர்களில் எவனும் எனக்கு இவன் அளவுக்கு ஆத்திரமூட்டியதில்லை. இவன் கொன்றது குறைவு. செய்தது வேறு.

அது புரிய, ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய சோலோனிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய சீர்திருத்தங்களை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டோம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 594-இல் அந்த மனிதர் உடலை ஈடு வைத்துக் கடன் வாங்கும் வழக்கத்தை ஒழித்தார். இருந்த கடன்களை அழித்தார். வயல்களில் நட்டிருந்த கடன் கற்களைப் பிடுங்கி எறிந்தார். கடனுக்காக வெளிநாட்டில் விற்கப்பட்டு, சொந்தப் பேச்சே மறந்துபோனவர்களை மீட்டுக்கொண்டு வந்தார். ஏதென்ஸின் ஏழை, ‘நான் அடிமையில்லை’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது அவரால்தான். அப்போதே அவர் நினைத்திருந்தால் நகரத்தின் தனி ஆட்சியாளராகியிருக்கலாம். நண்பர்கள் வற்புறுத்தினார்கள். மறுத்துவிட்டார். சட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் பத்தாண்டுகள் ஊரைவிட்டே போனார்.

திரும்பி வந்தபோது நகரம் மூன்றாகப் பிளந்து கிடந்தது. சமவெளிக்காரர்களுக்கு லைகர்கஸ் தலைவன். கரையோரத்தாருக்கு அல்க்மியோனிட் குலத்து மெகாக்ளீஸ். மலைப்பக்கத்துக் காணியில்லாத ஏழைகளைச் சேர்த்துக்கொண்டவன் பெய்சிஸ்ட்ராடஸ். சோலோனுக்கு அவன் உறவுக்காரன். இருவருடைய தாய்மாரும் சகோதரி முறை. சோலோனுக்கு அவன்மேல் பிரியமும் உண்டு. அழகன், இனிக்கப் பேசுகிறவன், ஏழைக்கு இரங்குகிறவன். மெகாரா நகரத்தோடு நடந்த சண்டையில் நைசேயா துறைமுகத்தைப் பிடித்த வீரன் என்ற பெயர் வேறு. இயல்பிலேயே இல்லாத குணங்களைக்கூட, இருக்கிறவர்களைவிட நன்றாகக் காட்டிக்கொள்ளத் தெரிந்தவன் என்று புளூடார்க் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார். சோலோன் அவனை வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டார். கண்டுகொண்ட பிறகும் வெறுக்கவில்லை, திருத்தப் பார்த்தார். முதலிடத்துக்கான ஆசையை மட்டும் இவன் மனத்திலிருந்து எடுத்துவிட்டால் இவனைவிட நல்ல குடிமகன் கிடையாது என்று அவனிடமே சொன்னாராம்.

இனி அந்த நாளுக்கு வருவோம். கி.மு. 561 என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அகோரா என்பது ஏதென்ஸின் சந்தைவெளி. வியாபாரமும் வழக்கும் அரசியலும் அங்கேதான். ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி ஒன்று தறிகெட்டு உள்ளே வருகிறது. ஓட்டிவருகிறவன் பெய்சிஸ்ட்ராடஸ். உடம்பெல்லாம் காயம், இரத்தம். கழுதைகளின் உடம்பிலும் வெட்டு. தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன், எதிரிகள் வழிமறித்துக் கொல்லப் பார்த்தார்கள், தப்பி ஓடி வருகிறேன் என்கிறான். உங்களுக்காக நின்றதற்குத்தான் எனக்கு இந்தக் கதி என்கிற பேச்சு கூட்டத்தில் பற்றிக்கொள்கிறது.

காயங்களை உண்டாக்கியவன் அவனேதான். தன்னையும் வெட்டிக்கொண்டு, வாயில்லா ஜீவன்களையும் வெட்டியிருக்கிறான். கழுதைகளின் மேல் இருந்த இரத்தம்தான் என்னை இந்தக் கதையில் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தன் உடம்பில் மட்டும் கீறிக்கொண்டு வந்திருந்தால் யாராவது ஒருவன் சந்தேகப்பட்டிருப்பான். வண்டி இழுத்த பிராணியும் வெட்டுப்பட்டு நின்றால் யார் சந்தேகப்படுவார்கள்? கழுதைக்குப் பொய் சொல்லத் தெரியாதே. அந்தக் கணக்கைப் போட்டு, கத்தியை எடுத்து, கட்டி நின்ற பிராணியின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான் பாருங்கள், அந்த நிதானத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டம் கொதித்தது. அதற்குள் முதுமை தட்டிய சோலோன் வண்டியருகே வந்து நின்றார். ஹோமரின் ஒடிசியஸ் வேடத்தை நீ சரியாக நடிக்கவில்லை. அவன் தன்னைக் காயப்படுத்திக்கொண்டது எதிரியை ஏமாற்ற, நீ காயப்படுத்திக்கொண்டது சொந்த ஊர்க்காரனை ஏமாற்ற என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். டிராய் நகருக்குள் வேவு பார்க்கப் போவதற்காக ஒடிசியஸ் தன்னையே அடித்துக் கிழித்துக்கொண்டு பிச்சைக்காரன்போல் நுழைந்த கதை அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இரத்தம் கண்ணெதிரே வழியும்போது காவியம் யார் காதில் ஏறும்?

மக்கள் அவை கூடியது. அவனுடைய பாதுகாப்புக்கு ஆள் கொடுக்க வேண்டும் என்று அரிஸ்டியோன் என்பவன் தீர்மானம் கொண்டுவந்தான். சோலோன் எழுந்து எதிர்த்தார். அவன் நாக்கைப் பார்க்கிறீர்கள், அவன் செய்கையைப் பார்க்கவில்லை என்று மன்றாடினார். ஏழைகள் கூச்சலிட்டார்கள். பணக்காரர்கள் பயந்து நழுவினார்கள். ஊருக்குள் பிளவு வந்தால் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நிற்பவன் குடியுரிமையை இழப்பான் என்று ஒரு சட்டத்தை இதே சோலோன் எழுதியதாக அரிஸ்டாட்டில் பெயரில் வரும் நூல் சொல்கிறது. அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்கள் அன்று ஒதுங்கிப் போனார்கள். நான் சிலரைவிட அறிவுள்ளவன், சிலரைவிடத் துணிச்சலுள்ளவன் என்று சொல்லிவிட்டுக் கிழவர் வெளியேறினார். சூழ்ச்சி புரியாதவர்களைவிட அறிவு. புரிந்தும் வாய் திறக்காதவர்களைவிடத் துணிவு.

தீர்மானம் நிறைவேறியது. ஐம்பது பேர். கையில் ஈட்டி கிடையாது, தடி மட்டும். தடிதானே என்று ஊர் நினைத்தது. ஐம்பது எப்போது அதற்கு மேல் போனது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நாள் தடிக்காரர்களோடு அவன் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஏறிவிட்டான். மெகாக்ளீஸ் குலத்தோடு ஓடிப்போனான். சோலோன் ஓடவில்லை. கூட நிற்க ஒருவரும் இல்லாதபோதும் அகோராவுக்கு வந்து பேசினார். யாரும் அசையவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் ஆயுதங்களை எடுத்து வாசலுக்கு வெளியே தெருவில் வைத்தார். நாட்டுக்கும் சட்டத்துக்கும் என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்றார். எந்தத் தைரியத்தில் இப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, முதுமை தரும் தைரியம் என்று பதில்.

இங்கே ஒரு கேள்வி எழும். சோலோன் மட்டும் நடிக்கவில்லையா? நடித்தார். சலாமிஸ் தீவுக்காக மெகாராவோடு சண்டையிட்டுச் சலித்த ஏதென்ஸ், இனி அந்தப் பேச்சை எடுப்பவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டிருந்தது. சோலோன் பைத்தியம் பிடித்தவர்போல் தலையில் தொப்பியோடு இதே அகோராவுக்கு ஓடிவந்து, அறிவிப்பாளன் நிற்கும் கல்லில் ஏறி, தானே எழுதிய சலாமிஸ் கவிதையைப் பாடினார். சட்டம் நீங்கியது, தீவும் கிடைத்தது. அங்கே நடித்தவர் தன் உயிரைப் பணயம் வைத்து ஒரு பேச்சுரிமையை ஊருக்கு வாங்கிக் கொடுத்தார். இங்கே நடித்தவன் ஊர் கொடுத்த தடியை ஊரின் தலைக்கு மேலேயே ஓங்கினான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மக்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. சோலோன் கடனை அழித்தார். நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. மலைப்பக்கத்து மனிதன் விடுதலையாகியும் வெறுங்கையோடுதான் இருந்தான். பணக்காரன் தன்னை அடிப்பான் என்பது அவனுக்குக் கதையல்ல. தகப்பன் முதுகில் பார்த்தது. ஆகவே இரத்தத்தோடு ஒருவன் வந்து என்னை அடித்தார்கள் என்றதும், அவர்களா, அடிப்பார்கள் என்று உடனே நம்பினான். பெய்சிஸ்ட்ராடஸ் பொய்க் காயத்தைக் காட்டி, அந்த ஏழைகளின் நிஜக் காயத்தைத் தனக்கு மூலதனமாக்கிக்கொண்டான். சோலோன் யாரை விலங்கிலிருந்து எடுத்தாரோ, அவர்களையே சோலோனுக்கு எதிராகக் கூச்சலிட வைத்தான். இவனை நான் வில்லன் என்பது இதற்காகத்தான்.

மராத்தான் போருக்கு இந்த இதழில் இனி இடமில்லை. அது அடுத்த வாரம். இவனை முடித்துவிடுகிறேன்.

எதிரிகள் சேர்ந்து அவனை ஒரு முறை துரத்தினார்கள். மெகாக்ளீஸ் தன் மகளைக் கட்டிக்கொடுத்துத் திரும்ப அழைத்தான். அப்போது பையானியா ஊரைச் சேர்ந்த ஃபையே என்ற உயரமான அழகிக்குக் கவசம் மாட்டி, தேரில் நிறுத்தி, அதீனா தேவியே பெய்சிஸ்ட்ராடஸை அழைத்து வருகிறாள் என்று முன்னால் ஆள் விட்டுக் கூவச் செய்தார்கள். ஊர் கும்பிட்டது. அந்த மணமும் முறிந்து மறுபடி ஓடினான். பத்தாண்டுகள் வெளியில் இருந்து பணமும் கூலிப்படையும் சேர்த்தான். 546-இல் மராத்தானில் இறங்கினான். பல்லேனே என்ற இடத்தில் ஏதென்ஸ் படையை அவன் தாக்கியபோது, அவர்கள் மதியச் சாப்பாடு முடித்துப் பாதிப் பேர் தூக்கத்திலும் மீதிப் பேர் பகடையிலும் இருந்தார்களாம்.

பிறகு அவன் செய்த ஒரு காரியத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடிமக்கள் எல்லாரும் ஆயுதத்தோடு அணிவகுப்புக்கு வரச் சொன்னான். வந்தார்கள். பேச ஆரம்பித்தான், மிக மெதுவான குரலில். கேட்கவில்லை என்றார்கள். அப்படியானால் அக்ரோபோலிஸ் வாசல் வரை ஏறி வாருங்கள், அங்கே நின்று பேசுகிறேன் என்றான். ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு ஏறினார்கள். அவன் பேச்சை நீட்டிக்கொண்டே இருக்க, கீழே அவன் ஆட்கள் அத்தனை ஆயுதத்தையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கட்டடங்களில் பூட்டினார்கள். முடிந்தது என்று சைகை வந்ததும் பேச்சையும் முடித்தான். ஆயுதம் போய்விட்டது, கலங்க வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் வேலையைப் பாருங்கள், பொதுக் காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். கிழவர் தெருவில் வைத்த ஆயுதத்தை அன்று ஒருவன் எடுத்திருந்தால் இந்த நாள் வந்திருக்காது.

அவன் ஆட்சி நல்லாட்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆதாரமும் உண்டு. சோலோனின் சட்டங்களைப் பெரும்பாலும் மாற்றவில்லை. சிறு விவசாயிக்குக் கடன் கொடுத்தான். ஹைமெட்டஸ் மலையில் கல்லோடு மல்லாடிய விவசாயி ஒருவன், விளைவது வலியும் வேதனையும்தான், அதிலும் பத்தில் ஒரு பங்கு பெய்சிஸ்ட்ராடஸுக்குப் போகட்டும் என்று, கேட்பது யாரென்று தெரியாமல் சொல்ல, கேட்டவனான பெய்சிஸ்ட்ராடஸ் சிரித்து வரியைத் தள்ளிக் கொடுத்தான். விழாக்களைப் பெரிதாக்கினான். ஒலிம்பியன் ஜீயஸுக்குப் பெரிய கோயில் தொடங்கினார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல மனம் வைத்தால்தான் நல்லது நடக்கும், மனம் மாறினால் கேட்க ஆளில்லை என்ற நிலையை அவன்தான் கொண்டுவந்தான். 527-இல் அவன் படுக்கையில் செத்தான். ஆட்சி மகன் ஹிப்பியாஸ் கைக்குப் போனது. 514-இல் தம்பி ஹிப்பார்கஸ் கொல்லப்பட்டதும் ஹிப்பியாஸின் மனம் மாறியது. அதன் பிறகு ஏதென்ஸ் பட்ட பாட்டுக்குத் தகப்பனும் பொறுப்பாளி.

அந்தப் பொய்க் காயத்துக்குப் பிள்ளைகளுக்கு வெளியிலும் வாரிசு கிடைத்தது. கி.மு. 405-இல் சிசிலியின் சிராக்யூஸ் நகரத்துத் தளபதி டயோனிசியஸ், லியோன்டினி என்ற ஊருக்கு வெளியே இரவில் பாளையம் இறங்கியிருந்தபோது, தன்னைக் கொல்ல வந்துவிட்டார்கள் என்று தன் வேலைக்காரர்களையே கூச்சலிட வைத்தான். கோட்டைக்குள் ஓடி ஒளிந்து, விடிய விடிய நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் கூடிய கூட்டம், அவன் விருப்பப்படி 600 காவலரைத் தேர்ந்துகொள்ளச் சம்மதித்தது. பெய்சிஸ்ட்ராடஸைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தான் என்று டயோடோரஸ் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார். 600 பேரோடு அவன் நிற்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் சேர்த்துக்கொண்டான். சிராக்யூஸை அவன் 38 ஆண்டுகள் ஆண்டான்.

(தொடரும்)