பாலாற்றில் திரும்பிய நாய்கள்

காட்டை அழித்துக் குடியேறியவன் பின்னாளில் நாடாளும் மன்றத்துக்குப் போவது உலக வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அமெரிக்காவின் சாம் ஹியூஸ்டனை இதற்குச் சான்றாகக் காட்டுவர். 1793இல் வர்ஜீனியாவில் பிறந்து, டென்னசி எல்லைப்புறத்தில் வளர்ந்து, செரோக்கி மக்களோடு சில காலம் வாழ்ந்தவர் அவர். 1836இல் டெக்சாஸ் குடியரசின் தலைவரானார்; டெக்சாஸ் மாநிலமான பின் அதன் ஆளுநராகவும் இருந்தார். குடியேறியவனே அங்கே சட்டத்தையும் எழுதினான். அந்த நிலத்தில் முன்பே இருந்தவர்கள் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்.

இதே கதையை நம் ஜவ்வாது மலையில் தேடினால் என்ன கிடைக்கும்? தேடிப் பார்த்தபோது கதை தலைகீழாகக் கிடந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஜவ்வாது மலையின் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்களின் பூர்வ கதையொன்றை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் காணலாம். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களை உடன் அழைத்துக்கொண்டனர். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கொள்ளுங்கள், ஈமக்கடன்களைச் செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிப் போயினர்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்தார்கள், நாய்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன. ஊரில் சடங்குகள் முடிந்தன. பெண்களை மீட்டு வந்தவர்களுக்கு வீட்டில் இடமில்லை. அவர்களின் மனைவியர் விதவைக் கோலத்தில் இருந்தனர். செத்தவர்களாகிவிட்ட அவர்கள் ஜவ்வாது மலைக்கு ஏறி, வேடர் குலப் பெண்களை மணந்து குடிகளாயினர். இந்நிகழ்ச்சிக்குச் சக ஆண்டு 1055 என்று ஒரு கணக்கும் சொல்லப்படுகிறது.

இதை வரலாறென்று ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். கதையில் தந்தையர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள். தாயர் வேட்டுவக் குடியினர். கதை சொல்பவர்கள் தந்தை வழியையே பெருமையோடு நினைவில் வைத்தனர். மலையைத் தந்த தாய்வழிக்குப் பெயர் கூட மிஞ்சவில்லை.

மலையடிவாரத்தில் கல்லே வேறொரு நாயைக் காட்டுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல்லவர் காலத்து எல்லைப்புற வாழ்வின் ஆவணங்கள். இரா. நாகசாமி பதிப்பித்த தொகுதி 1972இல் வெளிவந்தபின் அவை பரவலாக அறியப்பட்டன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனையும், இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற அவனது நாயையும் அது பதிந்து வைத்திருக்கிறது. கதையின் நாய்கள் திரும்பின. கல்லின் நாய் நின்றது. எல்லைப்புறத்தில் கால்நடையைக் காத்தவனை அன்றைய அரசு தன் ஆட்சியாண்டோடு சேர்த்து எழுதியது என்பதே நமக்கு முக்கியம். அரசுக்கும் எல்லைப்புறக் குடிக்கும் இருந்த உறவின் மிகப் பழைய கையெழுத்துகளுள் ஒன்று இது.

மலைமேல் அரசியல் எப்படி இருந்தது? புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்கள் நாடுகளாகச் சேர்ந்திருந்தன. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார். வழக்கு, திருமணம், திருவிழா எல்லாம் அவர்கள் முன் தீர்ந்தன. தெற்கே கல்வராயன் மலையில் இவர்களின் உறவுக் குடிகளிடையே இத்தலைமை இன்னும் மேலே போயிற்று. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூவர் ஜாகிர்தார்களாகவே ஆண்டனர். விஜயநகர அரசர் கொடுத்த உரிமை என்பது அவர்கள் மரபு. 1947இல் நாடு விடுதலை பெற்றும், அந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல்தான். குடியேறியவன் சிற்றரசனானதற்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் மிக நெருங்கிய சான்று இதுவே எனலாம்.

ஜவ்வாது மலையில் அதுவும் நடக்கவில்லை. நாட்டார் நாட்டாராகவே நின்றார். அரசு மேலேறி வந்தது. அது வந்த உருவம் காவலர்; வந்த சட்டம் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம். சாமை விதைத்த நிலமும் சந்தனம் வளர்ந்த காடும் கோட்டுக்கு அந்தப்பக்கம், இந்தப்பக்கம் என்று பிரிந்தன. மலையேறிய குடிகளின் வழித்தோன்றல்கள் தம் நிலத்திலேயே அத்துமீறுவோர் ஆனார்கள்.

1952 தேர்தலோடு வாக்கு வந்தது. வாக்கு வந்தாலும் மலை ஒன்றாக இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் மீண்டும் பிரிந்தது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடு திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில் என்று ஒரே மலை இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. 2008 தொகுதி மறுவரையறைப்படி, தமிழகச் சட்டப்பேரவையில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். ஜவ்வாது மலை இரண்டிலும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் சமவெளி வாக்குக்கு முன் மலைவாக்கு சிறுபான்மைதான்.

மாவட்டக் கோட்டின் வலிமை இதோடு நிற்பதில்லை. பழங்குடிப் பட்டியலில் மலையாளிகளின் பெயரோடு மாவட்டப் பெயர்களும் சேர்ந்தே எழுதப்பட்டன: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை. ஈரோட்டு மலைகளில் வாழும் மலையாளிகள் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. அது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13க்கு முந்தைய அனுபவமே போதுமென்கிறது. ஏனையோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வை நிறுவ வேண்டும். ஒரே குலம், ஒரே கதை. ஆனால் மாவட்டம் மாறினால் உரிமையும் மாறுகிறது.

இங்கேதான் காஞ்சிக் கதை ஆபத்தாகிறது. "நீங்களே வந்தேறிகள் என்று சொல்லிக்கொள்கிறீர்களே" என்று கேட்பார் உண்டு. மூதாதையரின் பெருமைக்காகச் சொல்லப்பட்ட கதை பேரப்பிள்ளைகளின் சான்றிதழுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்பது விந்தை. அவ்வாறு கேட்போர் கதையின் மறுபாதியைப் படிப்பதில்லை. வேட்டுவத் தாயரின் மலை அது; அந்த உரிமை பாலாற்றைக் கடந்து வரவேண்டியதில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்களுள் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தனர். மலையில் பிழைக்க வழியின்றிக் கூலிக்கு இறங்கியவர்கள் அவர்கள்.

ஹியூஸ்டன் 1861இல் தென்மாநிலக் கூட்டமைப்புக்கு உறுதிமொழி எடுக்க மறுத்துப் பதவியிழந்தார். மறுப்பதற்கு அவரிடம் ஒரு பதவி இருந்தது. நம் மலைக்குடியேறிகளின் கதையில் ஏழு பேரும் உயிரோடு திரும்பினார்கள். ஊர்தான் அவர்களை இறந்தோர் கணக்கில் எழுதியிருந்தது. ஏட்டில் ஏறிய கணக்கை உயிருள்ளவன் வந்து நின்றும் மாற்ற முடியவில்லை. அக்கதை ஏன் இத்தனை நூற்றாண்டு மறக்கப்படாமல் இருக்கிறது என்று நாம் வியக்க வேண்டியதில்லை. இன்றும் சாதிச் சான்றிதழுக்காகவும் நிலப் பட்டாவுக்காகவும் மலையிறங்கி வரும் மனிதர், தாம் இருப்பதைத் தாமே நிறுவிக்கொண்டுதான் நிற்கிறார்.