கிராஜுவிட்டி கணக்கில் எக்செல் எரர்: ஒரு தப்பான தேதியால் எவ்வளவு பணம் போகும்?

நீலகிரியில் கூடலூரைத் தாண்டிப் போனால், நிலம்பூர் ரோடும் பந்தலூர் ரோடும் பிரியும் இடம் நாடுகாணி. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இங்கே இலை பறிக்கும் தொழிலாளி ஓய்வு பெறும்போது எதிர்பார்த்திருக்கும் தொகை கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. அந்தக் கணக்கை எக்செல்லில் போடும்போது, தொகைக்குப் பதிலாக ஹேஷ் குறியோடு 'நம்' என்று வந்து நின்றால்?

'நம்பர்' என்பதன் சுருக்கம்தான் அது. நீங்கள் கொடுத்த எண் இந்தக் கணக்கின் எல்லைக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

எங்கே இடிக்கிறது?

பெரும்பாலும் தேதியில்தான். வேலை பார்த்த வருஷங்களை எண்ண 'டேட்டிஃப்' என்ற ஃபார்முலா உண்டு. (டைப் செய்யும்போது எக்செல் இதை லிஸ்ட்டில்கூட காட்டாது, ஆனால் வேலை செய்யும்.) சேர்ந்த தேதி, ஓய்வு தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் உடனே எரர் காட்டும்.

2030 மே மாதம் ஓய்வு பெறப்போகிறவருக்கு 31-05-30 என்று சுருக்கமாக அடித்துப் பாருங்கள். பல கணினிகளில் 29 வரைதான் 2000-க்குப் பிந்திய வருஷம். 30 என்றால் 1930! சேரும் முன்பே ஓய்வு பெற்ற கதையாகிவிடும். வருஷத்தை நான்கு இலக்கத்தில் அடித்தாலே இது சரியாகிவிடும்.

எரர் வராவிட்டால் சரியா?

இல்லை, அதுதான் ஆபத்து. ஆண்டுக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டுக்கு 2,25,000 ரூபாய். 1994-ல் சேர்ந்தவருக்கு 2004 என்று பதிவாகிவிட்டால் எக்செல் வாயே திறக்காது. 75,000 ரூபாய் போய்விடும்.

இன்னொன்று. 29 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்தவருக்கு டேட்டிஃப் 29 என்றே சொல்லும். ஆனால் சட்டப்படி 6 மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டு. எனவே மாதத்தைத் தனியாகப் பார்த்து ஒன்று கூட்ட வேண்டும்.

எரரை மறைக்கலாமா?

'இஃப்எரர்' போட்டு, எரர் வந்தால் பூஜ்யம் காட்டு என்று செட் செய்பவர்கள் நிறைய பேர். ஷீட் அழகாக இருக்கும், மொத்தத் தொகையும் வந்துவிடும். ஆனால் ஒருவரின் பெயருக்கு நேரே பூஜ்யம் நிற்பது நூறு வரிக்கு நடுவே யார் கண்ணிலும் படாது. பூஜ்யத்துக்குப் பதில் 'தேதியைப் பார்க்கவும்' என்று வரவைப்பது நல்லது.

டேட்டா வேலிடேஷனில், சேர்ந்த தேதி இன்றைய தேதியைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்துவிட்டால், அதைத் தாண்டிய தேதியை டைப் செய்தால் உள்ளே நுழையாது. ஆனால் 2004-ஐ அது பிடிக்காது. அதற்குப் பணிப் பதிவேட்டையும் பிஎஃப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சேர்ந்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று தொழிலாளியும் கேட்டுப் பார்க்கலாம்.