ஆலோசனையும் ஓர் அமானிதம்: பார்சல் துறை கற்றுத்தரும் பாடம்

இஸ்லாத்தில் மஷூராவுக்கு உயர்ந்த இடம் உண்டு. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை. யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம்.

இந்த ஒழுக்கம் குடும்ப விவகாரங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகிறோம். ஆனால் இன்று ஆலோசனை கூறுவதே ஒரு பெரும் தொழில். ஓர் ஆலோசகரின் யோசனை லட்சக்கணக்கானோரின் செலவையும் வருமானத்தையும் மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் பார்சல், சரக்குப் போக்குவரத்துத் துறை இதற்குத் தெளிவான உதாரணம்.

1985இல் வந்த போட்டி

1907இல் தொடங்கப்பட்ட யுபிஎஸ், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தரைவழிப் பார்சல் சந்தையில் அசைக்க முடியாத இடத்தில் இருந்தது. 1985இல் ரோட்வே என்ற சரக்கு லாரிக் குழுமம் ‘ஆர்.பி.எஸ்.’ என்ற பார்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. அதை உருவாக்கிய குழுவில் ஒருவர் சதீஷ் ஜிண்டல். பின்னாளில் எஸ்.ஜே. கன்சல்டிங் என்ற ஆலோசனை நிறுவனத்தை நடத்தி, இத்துறையைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் அடிக்கடி கருத்துக் கேட்கும் நபரானார்.

ஆர்.பி.எஸ். இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, பார்சல்களில் பார்கோடு ஒட்டி, இயந்திரத்தால் தரம் பிரித்தது. மற்றொன்று, ஓட்டுநர்களைச் சம்பள ஊழியர்களாக வைக்காமல், சொந்த வண்டி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்களாக வைத்தது. செலவு குறைந்தது, போட்டி வந்தது. 1997 ஆகஸ்டில் யுபிஎஸ் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,85,000 பேர் 15 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை வணிகர்கள் உணர்ந்தார்கள். 1998இல் ஆர்.பி.எஸ்.ஸின் தாய் நிறுவனத்தை ஃபெடெக்ஸ் வாங்கியது. 2000இல் ஆர்.பி.எஸ்., ‘ஃபெடெக்ஸ் கிரவுண்ட்’ ஆனது.

ஆலோசகர் என்ன செய்கிறார்?

பார்சல் துறை ஆலோசகரின் வேலை பலவகை. கட்டணப் பட்டியலைப் படித்து, வணிகருக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியைக் கணக்கிடுவார். பில்லில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிப்பார். எந்த நிறுவனம் எத்தனை பார்சல்களைச் சொன்ன நாளில் சேர்த்தது என்று ஒப்பிடுவார். ஜிண்டலின் ‘ஷிப்மேட்ரிக்ஸ்’ இப்படி ஒப்பிடும் மென்பொருள். பண்டிகைக் காலங்களில் அதன் கணக்கு செய்திகளில் வெளிவரும். வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று வெளியாள் ஒருவர் எண்ணிப் பார்ப்பது நல்ல விஷயமே.

பெரும்பாலும் ஆலோசகரின் கூலி, அவர் மிச்சப்படுத்தித் தரும் தொகையில் ஒரு பங்கு. இங்கேதான் எச்சரிக்கை தேவை. மிச்சத்தில் பங்கு பெறுபவரின் கண் விலை மீதே நிற்கும். அந்த மிச்சம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்று அவர் பார்க்காமல் போகக்கூடும். கூலி முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் நிபந்தனை. எனவே இப்படி ஒப்பந்தம் செய்பவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எடையா, அளவா?

வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பெட்டி அனுப்பிய சகோதரர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தராசு 10 கிலோ காட்டும், பில்லில் 16 கிலோ இருக்கும். விமானச் சரக்கில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுப்பது வழக்கம். 60, 40, 40 சென்டிமீட்டர் பெட்டிக்கு 16 கிலோ வரும். கூரியர் நிறுவனங்கள் 5000ஆல் வகுக்கும்போது அதே பெட்டி 19.2 கிலோ ஆகிவிடும். உண்மை எடை, அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

அமெரிக்கத் தரைவழிப் பார்சலில் 3 கன அடிக்குக் குறைந்த பெட்டிகளுக்கு இந்தக் கணக்கு நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. 2015 முதல் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் எல்லாப் பெட்டிகளுக்கும் இதை நடைமுறைப்படுத்தின. ஒவ்வொரு பக்கமும் 12 அங்குலம் உள்ள பெட்டியில் 2 பவுண்டு தலையணை அனுப்பினாலும் 11 பவுண்டுக்குக் கட்டணம் வந்தது.

இது அளவையில் மோசடியா? அளவிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயம் ‘அல்முதஃப்பிஃபீன்’ நமக்குத் தெரியும். லாரியில் இடமும் ஒரு செலவுதான். கணக்கை முன்பே தெளிவாகச் சொல்லி, இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தம். சொல்லாமல் மறைத்து, பெட்டி போய்ச் சேர்ந்தபின் கேட்டால் அது ஏமாற்று. கார்கோ கடை வைத்திருப்போரும் பெட்டி அனுப்புவோரும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டுநரின் பங்கு

ஒப்பந்த ஓட்டுநர் என்ற ஏற்பாட்டின் விலை பின்னர் தெரிந்தது. வண்டி, எரிபொருள், பராமரிப்பு, சீருடை எல்லாம் ஓட்டுநரின் செலவு. ஆனால் உடை, வண்டியின் தோற்றம், சேர்க்க வேண்டிய நேரம் வரை விதிப்பது நிறுவனம். கலிபோர்னியா ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் ஒப்பந்தக்காரர்கள் அல்ல, ஊழியர்களே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஃபெடெக்ஸ் 228 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது.

இந்த வேறுபாடு மதரஸாவில் ஓதியவர்களுக்குப் புதிதல்ல. ஒருவருக்காக மட்டும் உழைப்பவர் ‘அஜீர் காஸ்’. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்து கொடுப்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. முன்னவர் தம் நேரத்தை ஒப்படைத்ததற்காகக் கூலிக்கு உரியவர், பின்னவர் வேலையை முடித்ததற்காக உரியவர். காகிதத்தில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பது முடிவல்ல. ஒப்பந்தத்தில் சொல்லைவிட நோக்கமும் பொருளுமே கணக்கு என்பது உஸ்மானிய மஜல்லா சட்டத் தொகுப்பின் 3ஆம் விதி. அந்த நீதிமன்றம் வேறு வழியில் வந்து சேர்ந்ததும் இதே இடத்துக்குத்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் பிள்ளைகள் பலர் இன்று லாஜிஸ்டிக்ஸ், கணக்கு, நிர்வாக ஆலோசனைத் துறைகளில் இருக்கிறார்கள். செலவைக் குறைக்க வழி சொல்வது ஹலாலான திறமை. ஆனால் ஆலோசனை சொல்லும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த மேசையில் உட்காராத ஒருவர் இதற்காக எதை இழக்கப் போகிறார்? நம் வாசலில் பார்சலோடு நிற்கும் தம்பியும் அந்த ஒருவராக இருக்கலாம். கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

கேட்பவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்படுபவருக்கும் நேர்மையாக ஆலோசனை சொல்பவர்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக! ஆமீன்.